பாடிபோர்டு நானே பழகலாமா? இடுப்பளவு தண்ணீரிலிருந்து தொடங்கலாம்

கேள்வி சுருக்கமாக இது: வயது 31, சென்னையில் வேலை, உயரம் ஐந்தடி ஒன்பது அங்குலம். நீச்சல் குளத்தில் நாலு நீளம் நிற்காமல் நீந்த முடியும். வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் 38 அங்குல பாடிபோர்டு (அலையில் படுத்தபடி சறுக்கும் குட்டை நுரைப்பலகை) ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். கோவளம் பக்கம் போய்த் தானாகவே பழகிக்கொள்ள முடியுமா, எங்கிருந்து தொடங்குவது, ஃபின்ஸ் (காலில் மாட்டும் ரப்பர் துடுப்புகள்) கட்டாயம் வேண்டுமா?

முடியும். சர்ஃபிங்கைவிட இது சீக்கிரம் கைவரும். போர்டின் மேல் எழுந்து நிற்கும் வித்தை இதில் இல்லை. குப்புறப் படுத்து, முன்விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அலை தள்ளும் பக்கம் வர வேண்டியதுதான். முதல் நாளிலேயே பத்துப் பதினைந்து அலையில் கரைக்கு வந்துவிடுவீர்கள். எனக்குக் கவலையே அங்கேதான். படுத்தபடி செய்வதால் இதை எல்லோரும் குழந்தை விளையாட்டு என்று நினைத்துவிடுகிறார்கள். சர்ஃபிங் பழகுபவர் முதல் சில வாரம் விழுந்து விழுந்து கரையோரமே கிடப்பார். அவருடைய தடுமாற்றமே அவருக்குக் காவல். பாடிபோர்டில் அந்தக் காவல் கிடையாது. மிதக்கிற பொருள் கையில் இருக்கும் தைரியத்திலும், ஃபின்ஸ் போட்ட கால் தரும் வேகத்திலும், சொந்த நீச்சலால் திரும்ப முடியாத தூரத்துக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். அங்கே லீஷ், அதாவது போர்டைக் கையோடு பிணைக்கும் கயிறு, அறுந்தால் மிச்சம் இருப்பது அந்த நாலு நீளம் மட்டும்தான். அதுவும் குளத்தில், கண்ணாடி போன்ற தண்ணீரில் நீந்தியது.

ஆகவே என் பதில் முழுக்க ஒரே நிபந்தனையின் மேல் நிற்கிறது: முதல் ஒன்றரை மாதம், கால் தரையில் ஊன்றும் ஆழத்தைத் தாண்டாதீர்கள். கற்க வேண்டியதில் பெரும்பகுதி இடுப்பளவு தண்ணீரிலேயே கிடைத்துவிடும்.

இந்தப் பலகை பிறந்த கதையும் எளிமையானதுதான். 1971 ஜூலையில் ஹவாயில் இருந்த டாம் மோரி என்பவர் ஒன்பதடி நீளமுள்ள பாலிஎத்திலீன் நுரைத் துண்டை இரண்டாக வெட்டினார். மேலே செய்தித்தாளை விரித்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து உருவம் கொடுத்து, அதைக் கடலில் இறக்கிப் பார்த்தார். இசைப் பிரியர், அதனால் ஒரு துள்ளலிசையின் பெயரான ‘பூகி’ என்பதையே அதற்கு வைத்தார். ஹவாய்க்காரர்கள் அதற்குப் பல தலைமுறைகள் முன்பிருந்தே ‘பைபோ’ என்ற மரப்பலகையில் படுத்து அலையில் சறுக்கியவர்கள். நம் கரையிலும் குப்பத்துப் பிள்ளைகள் கையில் கிடைத்த மரத்துண்டிலும் தெர்மகோலிலும் படுத்து அலையோடு வருவதைப் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுத்ததில்லை. ஆனால் எந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். உங்களுக்கும் எனக்கும் இல்லாதது அந்தக் கண்தான். போர்டைக் கையாள ஒரு வாரம் போதும். தண்ணீரைப் பார்க்கப் பழகுவதற்குத்தான் நாளாகும்.

சரி, முதல் பாடம் மணலில். போனவுடன் இறங்காமல் இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். அலைகள் கும்பலாக வரும்: நாலைந்து பெரியவை, அப்புறம் கொஞ்ச நேரம் சின்னச் சின்னதாக. சின்னவை வரும் வேளையில் நீங்கள் போய்ச் சேர்ந்தால் கடல் சாதுவாகத் தெரியும். சட்டையைக் கழற்றி இறங்கியதும் பெரிய கும்பல் வரும். இருபது நிமிடம் பார்த்தால் அன்றைய பெரிய அலை எது என்று தெரிந்துவிடும்.

அப்புறம், அலை எப்படி உடைகிறது என்று பாருங்கள். தூரத்திலேயே தலை நுரைத்து, மெல்லச் சரிந்து, நுரையாகவே கரை வரை உருண்டு வரும் அலை நம்முடையது. கரைக்கு அருகே வந்து சுவர் போல எழும்பி, ஒரே அடியாக மணல் மேல் தொம்மென்று விழும் அலை நமக்கு வேண்டாம். சென்னைக் கரையில் இரண்டாவது வகைக்குப் பஞ்சமில்லை. மெரினாவில் கரை சட்டென்று ஆழமாகிவிடும். அங்கே குளிக்கவே போலீஸ் விடுவதில்லை, பழகும் பேச்சே வேண்டாம். ஒரு எளிய கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்: அலை உடையும் இடத்தில் ஆழம் ஏறக்குறைய அலையின் உயரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு இருக்கும். அரை மீட்டர் அலை உடைகிற இடத்தில் தண்ணீர் தொடையளவு. ஒரு மீட்டர் அலை உடைகிற இடத்தில் மார்பளவு. சரிவு அதிகமான கரையில் கணக்கு கொஞ்சம் மாறும் என்றாலும், கரையில் உட்கார்ந்தபடியே ஆழத்தை ஊகிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

கரையில் வந்து விழும் அலையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அடிபட்டது அதில்தான். பழகத் தொடங்கிய மூன்றாவது மாதம், ஆழத்தில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கடைசியாக ஒரு அலையில் மணல் வரை வந்துவிடலாம் என்று ஆசைப்பட்டேன். போர்டின் மூக்கு குத்தியது, நான் அதன் மேல் புரண்டு நெற்றி மணலில் மோதியது. முழங்கால் அளவு தண்ணீர்தான். பத்து நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஸ்கூட்டரில் வலது பக்கம் பார்க்க உடம்பையே திருப்ப வேண்டியிருந்தது. எனக்கு அதோடு போனது. ஹவாயில் ஓவாஹு தீவின் சாண்டி பீச் இப்படிப்பட்ட கரையோர அலைக்கும் கழுத்து முறிவுகளுக்குமே பேர்போன இடம். பாடிபோர்டில் பெரிய காயங்கள் ஆழ்கடலில்தான் நேரும் என்று நினைக்காதீர்கள். முழங்காலளவு தண்ணீரில் தலைகுப்புற விழுவதுதான் மிக மோசமானது.

அடுத்தது இழுப்பு. கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போக வழி தேடும். மணல்திட்டுகளுக்கு நடுவில் பள்ளம் இருந்தால் எல்லாம் அதன் வழியே ஆறு போலக் கடலுக்குள் ஓடும். பார்த்தால் எப்படி இருக்கும்? இரண்டு பக்கமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் அலை உடையாமல் கொஞ்சம் கருத்த, அமைதியான பட்டை. சில நேரம் கலங்கிய மணலும் நுரைத் துணுக்குகளும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். புதிதாக வருபவர்கள் ‘இங்கே அலை இல்லை, இங்கே இறங்கலாம்’ என்று தேர்ந்தெடுக்கும் இடம் சொல்லிவைத்த மாதிரி அதுவாகத்தான் இருக்கும். வழக்கமாக நொடிக்கு அரை மீட்டரிலிருந்து ஒரு மீட்டர் வேகம். பலமாக ஓடும்போது இரண்டு மீட்டரையும் தொடும். ஒலிம்பிக் நீச்சல்காரரின் வேகமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் இழுப்பு எங்கே இருக்கும் என்பதற்குச் சில நிரந்தர அடையாளங்கள் உண்டு. தூண்டில் வளைவு என்று கடலுக்குள் கருங்கல் கொட்டியிருக்கிறார்களே, அதன் ஓரமாக எப்போதும் உள்நோக்கி ஓட்டம் இருக்கும்; ஐம்பது மீட்டராவது தள்ளி இருங்கள். முட்டுக்காடு மாதிரியான முகத்துவாரங்கள் இன்னொன்று. மழைக்குப் பிறகு அங்கே ஓட்டமும் அதிகம், தண்ணீரும் அழுக்கு. இதற்கு வெளியே, நாளுக்கு நாள் மாறும் பள்ளங்களைக் கண்டுபிடிக்க ஒரே வழி, கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரைக் கேட்பது. நான் ஒரு நாள் அழகான வெற்றிடம் ஒன்றைப் பார்த்துவிட்டு அதை நோக்கி நடந்தபோது, ஒரு பெரியவர் தலையைக்கூடத் தூக்காமல், “தம்பி, அங்க எறங்காத. தண்ணி உள்ள இழுக்குது. அந்த மஞ்சப் படகுக்குத் தெக்கால போ” என்றார். அதற்குப் பிறகு இறங்கும் முன் ஒருவரிடமாவது “அண்ணே, வெள்ளம் எப்படி இருக்கு?” என்று கேட்காமல் நான் போனதில்லை. கடலோட்டத்தை அவர்கள் வெள்ளம் என்றுதான் சொல்வார்கள்.

அந்த வெள்ளம் கரைக்கு இணையாகவும் ஓடும். சென்னைப் பக்கம் கோடையிலும் தென்மேற்குப் பருவத்திலும் தெற்கிலிருந்து வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் வடக்கிலிருந்து தெற்கே. துறைமுகச் சுவருக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்துப்போனதும் இந்த ஓட்டம் சுமந்து வரும் மணலால்தான். உங்களுக்கு இதில் வேலை என்னவென்றால், இறங்கும் முன் கரையில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்வது. ஒரு படகு, ஒரு தென்னை, ஒரு கடையின் நீலத் தார்ப்பாய். ஐந்து அலைக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அடையாளம் நகர்ந்திருந்தால் நகர்ந்தது நீங்கள்தான். மேலே ஏறி நடந்து பழைய இடத்துக்கு வாருங்கள். தண்ணீருக்குள்ளேயே எதிர்த்து நீந்தி வருவது வீண் சோர்வு.

இழுப்பில் மாட்டிக்கொண்டால்: போர்டை விடாதீர்கள். இழுப்பு உங்களைக் கீழே இழுக்காது, வெளியே மட்டும்தான் கொண்டுபோகும். கரையை நோக்கி எதிர்த்து உதைத்தால் ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கும். போர்டின் மேல் படுத்து, ஒரு கையைத் தூக்கி அசைத்துக் கரையில் இருப்பவர்களுக்குத் தெரியப்படுத்துங்கள். பிறகு கரைக்கு இணையாக, நுரை உடைந்துகொண்டிருக்கும் பக்கமாகக் கால் உதையுங்கள். நுரை இருக்கும் இடத்தில் ஆழம் குறைவு, தண்ணீர் கரையை நோக்கி வருகிறது. அதில் படுத்தபடியே வந்துவிடலாம். போர்டு கையில் இருக்கும்வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. அதற்காகப் போர்டை லைஃப் ஜாக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள். மயங்கியவரை அது தாங்காது.

எப்போது போவது? சென்னைக் கரையில் மாசி, பங்குனி, சித்திரை மாதக் காலைகள் பழகுபவர்களுக்கு உகந்தவை, அலை சிறிது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தெற்கிலிருந்து நல்ல அலைகள் வரும், காலையில் நிலத்திலிருந்து காற்று வீசுவதால் அலையின் முகம் வழவழப்பாக இருக்கும். அது இரண்டாவது கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, புயலும் வாடையும் இருக்கும் காலம், போர்டைப் பரணில் வைத்துவிடுங்கள். எந்த மாதமானாலும் விடிந்தவுடன் போங்கள். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பியதும் தண்ணீர் குழம்பிவிடும், வெயிலும் மண்டையைப் பிளக்கும், ஞாயிறென்றால் கூட்டமும் சேர்ந்துவிடும்.

வானிலை பார்ப்பது மட்டும் போதாது. காற்றே இல்லாத, பளிச்சென்ற வெயில் நாளில்கூட ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித் தெற்கு இந்தியப் பெருங்கடலில் கிளம்பிய நீண்ட அலைகள் வந்து கரையேறும். கள்ளக்கடல் என்று பெயர். பெயரே சொல்லும், திருடன் மாதிரி வரும். 2024 மே மாதம் அந்த எச்சரிக்கை இருந்த நாட்களில்தான் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் உயிரிழந்தார்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் நிறுவனம் இந்த எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. முந்தின இரவு அதைப் பார்த்துவிட்டுத் தூங்குங்கள். எச்சரிக்கை இருந்தால் காலையில் தோசை சாப்பிட்டுவிட்டு வீட்டிலேயே இருக்கலாம்.

இடம் என்று கேட்டால், கோவளத்தில் நீலக்கொடிச் சான்று (சுத்தமும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரும் சர்வதேசச் சான்று) பெற்ற பகுதி நல்ல தொடக்கம். 2021இல் அந்தச் சான்று கிடைத்தது. குளிக்கும் எல்லை குறிக்கப்பட்டிருக்கும், உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். போர்டோடு எங்கே இறங்கலாம் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். சர்ஃபிங்காரர்கள் கூடும் முனைப் பக்கம் இப்போதைக்கு உங்களுக்கு இல்லை. படகுகள் கரையேறும் இடத்தை விட்டும் விலகியே இருங்கள். காலை ஆறு மணியிலிருந்து எட்டு, ஒன்பது வரை ஃபைபர் படகுகள் அலையோடு முழு வேகத்தில் வந்து மணலில் ஏறும். அலைக்கு நடுவில் தண்ணீர் மட்டத்தில் கிடக்கும் உங்கள் தலையை ஓட்டுபவர் பார்க்க வாய்ப்பில்லை. மீன்பிடித் தடைக்காலம்தானே என்று நினைக்க வேண்டாம்; அந்தத் தடை விசைப்படகுகளுக்கு, சிறு படகுகள் அப்போதும் போய்வரும். கரையோரம் வலை விட்டிருந்தால் மிதவைகள் தெரியும். அந்தப் பக்கமும் வேண்டாம்.

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் சர்ஃபிங் பள்ளிகள் இருக்கின்றன. பயிற்றுநர்களில் பலர் மீனவக் குடும்பத்து இளைஞர்கள். 2025 ஆகஸ்டில் ஆசிய சர்ஃபிங் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. நீங்கள் வகுப்பு இல்லாமல் பழக நினைப்பது சரி. ஆனாலும் ஒரே ஒரு வகுப்புக்குப் பணம் கட்டி, ‘எனக்கு நிற்கக் கற்றுக்கொடுக்க வேண்டாம், இந்தக் கரையைக் கற்றுக்கொடுங்கள்’ என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் மூன்று மாத அனுபவத்துக்குச் சமம்.

இனி தண்ணீருக்குள். முதல் நாள் ஃபின்ஸ் வேண்டாம். லீஷை மணிக்கட்டிலோ முழங்கைக்கு மேலேயோ இறுக்கிக் கட்டிக்கொண்டு இடுப்பளவு வரை நடந்து போங்கள். போகும்போது போர்டை உங்களுக்கும் அலைக்கும் நடுவில் குறுக்கே பிடிக்காதீர்கள். எல்லோரும் முதல் நாள் அப்படித்தான் பிடிப்பார்கள். நுரை வந்து அதை முகத்தில் அறையும், பல்லுக்குக்கூட ஆபத்து. பக்கவாட்டில், மூக்கு அலையைப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இடுப்பளவில் கரையைப் பார்த்துத் திரும்பி நின்று, தோளுக்கு மேலாகப் பின்னால் பாருங்கள். ஏற்கெனவே உடைந்து உருண்டு வரும் நுரைதான் உங்களுக்கு வேண்டியது. உடையாத அலை இப்போது வேண்டாம். இரு கையாலும் மூக்குப் பக்க விளிம்பைப் பிடியுங்கள், போர்டின் வால் அடிவயிற்றைத் தொடட்டும். நுரை இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் வந்ததும் தரையை உந்தி முன்னால் வழுக்குங்கள். நுரை வந்து சேர்ந்த பிறகு எம்பிக் குதித்து போர்டின் மேல் விழுவதுதான் பெரும்பாலானோர் செய்யும் தவறு. போர்டு அமுங்கும், அலை மேலே ஏறிப் போய்விடும். ஓடும் பஸ்ஸில் ஏறுபவர் நாலடி கூடவே ஓடித்தானே ஏறுகிறார்? அலை வந்து தொடும் நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

அலை தூக்கியதும் முழங்கைகளை போர்டில் ஊன்றி, நெஞ்சை நிமிர்த்தி, தலையைத் தூக்கிக் கரையைப் பாருங்கள். கீழே பார்த்தால் எடை முன்னால் போகும். கால்கள் சேர்ந்து, நீட்டி, லேசாக மேலே இருக்கட்டும். கால் தொங்கினால் அதுவே பிரேக். மீதியெல்லாம் உடம்பு எங்கே இருக்கிறது என்பதில்தான். மூக்கு தண்ணீரில் குத்துகிறதா, ஒரு விரற்கடை பின்னால் வாருங்கள். அலை உங்களை விட்டுவிட்டு அடியில் நழுவிப் போகிறதா, ஒரு விரற்கடை முன்னால். முதல் நாள் முழுக்க இந்த விரற்கடைக் கணக்குதான். ஒரே உயர அலையில் நாற்பது முறை செய்யுங்கள். இதைச் சலிப்பாக நினைப்பவர்கள் சீக்கிரம் ஆழத்துக்குப் போய்விடுகிறார்கள், அங்கே அதே தவறைப் பெரிய அலையில் செய்கிறார்கள்.

நிறுத்தவும் பழக வேண்டும். முழங்கால் ஆழம் வரும் முன்னே உடம்பைப் பின்னால் இழுத்து, மூக்கைக் கொஞ்சம் தூக்கி, கால்களைத் தொங்கவிடுங்கள், வேகம் அறுந்துவிடும். இறங்கி நடந்து மறுபடி உள்ளே போங்கள். மணல் வரை சறுக்கி வருவதில் என்ன கிடைக்கும் என்பதை என் நெற்றிக் கதையில் சொல்லிவிட்டேன். கவிழ்ந்துவிட்டால் போர்டோடு மல்லுக்கட்டாமல் பக்கவாட்டில் விழுங்கள். கைகளைத் தலைக்கு மேல் மடித்துக்கொள்ளுங்கள். மேலே வரும்போதும் ஒரு கை முன்னால் இருக்கட்டும். போர்டு லீஷின் நுனியில் உங்களைத் தேடி வரும்.

இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் நுரையிலேயே திரும்பப் பழகலாம். வலப்பக்கம் போக வேண்டுமென்றால் வலது முழங்கையை போர்டில் அழுத்தி, வலது கை மூக்கின் மூலையில், இடது கை இடது ஓரத்தின் நடுப்பகுதியில். எடையை வலது இடுப்புக்கு மாற்றி, போக வேண்டிய பக்கம் பாருங்கள். போர்டு தானாக வளையும். இதில் ஓரம்தான் சுக்கான். இடப்பக்கம் போக அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கோணலாகவும் வரும். கோணலான பக்கத்தை அதிகம் செய்யுங்கள்.

ஃபின்ஸ் கட்டாயமா என்று கேட்டீர்கள். இடுப்பளவு தண்ணீரில் வேண்டாம், அதைத் தாண்டினால் கட்டாயம். கால் ஊன்றாத இடத்தில் உடையாத அலையைப் பிடிக்க வேண்டுமென்றால், அலையின் வேகத்துக்கு அருகில் நீங்களே போக வேண்டும். வெறுங்காலால் அது நடக்காது. பலர் விலையுயர்ந்த போர்டு வாங்கிவிட்டு ஃபின்ஸுக்குப் பணம் இல்லை என்கிறார்கள். என்னைக் கேட்டால் தலைகீழாகச் செய்வேன்: சுமாரான போர்டு, நல்ல ஃபின்ஸ். டைவிங்குக்கு வரும் நீளமானது வேண்டாம். பாடிபோர்டுக்கென்றே குட்டையாக, கெட்டியாக வரும். காலில் ஆடக்கூடாது, விரலை நெரிக்கவும் கூடாது. கணுக்காலோடு கட்டும் கயிறு கூடவே வாங்குங்கள். நான் வாங்காமல் இரண்டாவது வாரமே ஒரு காலுக்கு உரியதைக் கடலுக்குக் கொடுத்தேன். இன்னொன்று இன்னும் வீட்டில் தொங்குகிறது.

ஃபின்ஸோடு தண்ணீருக்குள் பின்பக்கமாக நடங்கள், முன்னால் நடந்தால் மடங்கி விழுவீர்கள். உதைப்பது முழங்காலிலிருந்து அல்ல, இடுப்பிலிருந்து. தண்ணீருக்கு மேலே சளசளவென்று சத்தம் வந்தால் காற்றை உதைக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் சில நாள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். போர்டின் மேல் படுத்தபடியே ஃபின் நுனியை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தால் விடும். குளத்தில் இப்போதே தொடங்கக்கூடிய பயிற்சியும் உண்டு. நாலு நீளம் போதாது. 25 மீட்டர் குளமென்றால் எட்டு நீளம், 200 மீட்டர், அவசரமில்லாமல், நிற்காமல். பத்து நிமிடம் கால் ஊன்றாமல் ஒரே இடத்தில் மிதக்கவும் வர வேண்டும். இது இரண்டும் வரும்வரை மார்பளவைத் தாண்டாதீர்கள்.

உடையாத அலைக்குப் போகும்போது வேறு ஆட்களும் இருப்பார்கள். அலை உடையத் தொடங்கும் முனைக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அந்த அலை அவருக்கு. குறுக்கே புகாதீர்கள். உள்ளே போகும்போது சறுக்கி வருபவர்களின் பாதையைச் சுற்றிப் போங்கள். குளிக்கும் குடும்பங்கள் இருக்கும் பக்கம் எந்த அலையிலும் வரவேண்டாம். படுத்து வரும் ஆளும் போர்டும் சேர்ந்து ஒரு குழந்தையை மோதினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

உடுப்பில் பெரிதாக ஒன்றுமில்லை. முழுக்கை நீச்சல் சட்டை போடுங்கள், இல்லையென்றால் அரை மணியில் நெஞ்சும் வயிறும் போர்டில் உராய்ந்து எரியும். அது சொறிக்கும் ஓரளவு காவல். சொறி என்று கடலோரத்தில் சொல்வது ஜெல்லி மீனை. பட்டுவிட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள். கடல் நீராலேயே அலசி, ஒட்டியிருக்கும் இழைகளை வெறுங்கை படாமல் எடுத்துவிடுங்கள். மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடைசியாக உங்கள் போர்டு. நிற்கவைத்தால் தொப்புள் வரை வர வேண்டும் என்பது பழைய அளவு. உங்கள் உயரத்துக்கு 41, 42 அங்குலம் சரியாக இருக்கும். 38 சிறியதுதான், கொஞ்சம் அமுங்கும், அலையைப் பிடிக்கச் சற்றுக் கூடுதலாக உந்த வேண்டும். நுரையில் பழகும் முதல் மாதத்துக்கு அது பெரிய குறையில்லை. ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே தெர்மகோல் மணிகள் நொறுங்கும் சத்தம் கேட்டால் மலிவு வகை. அலையில் மடிந்தால் உடைந்துவிடும். நான் முதலில் வாங்கியது அப்படித்தான், மூன்றாவது முறை இரண்டாகிவிட்டது. புதிது வாங்கும்போது உள்ளே பாலிப்ரொப்பிலீன் உள்ளதாகக் கேளுங்கள். பாலிஎத்திலீன் குளிர்கடலுக்கு நல்லது, நம் வெதுவெதுப்பான தண்ணீரில் தொளதொளத்துப்போகும்; நடுவில் கம்பி வைத்ததென்றால் பரவாயில்லை. அதுவரை இருப்பதைக் காரில் பூட்டி வெயிலில் விடாதீர்கள். சென்னை மே மாதத்தில் ஒரு மதியம் போதும், மேல்தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பிவிடும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் படுக்கப்போட்டு வையுங்கள். லீஷ் மட்டும், நண்பர் கொடுத்தது எத்தனை வருடப் பழசோ தெரியாது, புதிதாக வாங்கிவிடுங்கள். போர்டில் அது மாட்டும் பிளாஸ்டிக் அடைப்பானையும் ஒருமுறை பலமாக இழுத்துப் பாருங்கள்.